இடைகழியில் இடம்

ஸ்ரீ:

கார்த்திகை மாதத்து விடியற்காலையில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஏரிக்கரை ஒன்றின்மீது நின்று தென்மேற்கே நோக்குபவருக்கு முதலில் தெரிவது மலையன்று. மலை இருக்கவேண்டிய இடம். அண்ணாமலை முகிலைப் போர்த்திக்கொண்டு உறங்கும். கிழக்கே செஞ்சி மலைகளின் பக்கமிருந்து வாடை வீசும். தாழ்ந்த கழனிகளில் சம்பாப் பயிர் சூல்கட்டி நிற்கும்; மணிலா பிடுங்கிய மேட்டு நிலத்தில் மண் இன்னும் கறுத்துக் குளிர்ந்திருக்கும்; வேலிகளில் பீர்க்கு மஞ்சளாய்ப் பூத்திருக்கும். நீர்க்கட்டி, மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கரையின் உட்சரிவில் நண்டு வளை ஏதேனும் புதிதாய்த் தோன்றியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தபடி நடப்பான். சிறு வளைதானே என்று விட்டுவிட்டால், ஏரி நிரம்பிய இரவில் அதுவே உடைப்பாகிவிடும் என்பது அவன் தகப்பனிடம் கேட்ட பாடம்.

நாட்டுப்புறத்து முதியோர் வானத்தை ஏடு போலப் படித்தவர்கள். நிலவைச் சுற்றி வட்டமிட்டால் ஒரு கணக்கு. எறும்பு முட்டையைச் சுமந்து மேடேறினால் ஒரு கணக்கு. தும்பி தாழப் பறந்தால் ஒரு கணக்கு. கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை என்பது அக்கணக்குகளுக்கெல்லாம் முடிவுரை. அந்தச் சொல்லை நம்பியே மார்கழியில் களம் செதுக்கினார்கள், தையில் அறுத்தார்கள்.

இங்கே ஒரு விநோதத்தைக் கவனிக்க வேண்டும். ஐப்பசியும் கார்த்திகையும் வடமொழி நூல்களின் கணக்கில் சரத் ருது. ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் இருபதாம் அத்தியாயம் முழுவதும் பிருந்தாவனத்து மழைக்காலமும் அதன்பின் வந்த சரத் காலமுமே வருணிக்கப்படுகின்றன. அங்கே சரத் பிறந்ததும் வானம் தெளிகிறது, சேறு காய்கிறது, நீர்நிலைகள் கலக்கம் நீங்குகின்றன. கிஷ்கிந்தையில் மழை ஓயட்டும் என்று காத்திருந்த சக்கரவர்த்தித் திருமகனுக்கும் சரத் என்றால் புறப்பாட்டுக்குரிய காலம். தமிழ்நாட்டிலோ அதே இரண்டு திங்களுக்குக் கூதிர் என்று பெயர். வடநாட்டில் மழை முடிந்து காற்று திரும்பும்போது, அக்காற்று வங்கக்கடலின்மேல் நீரை அள்ளிக்கொண்டு வடகிழக்கிலிருந்து நம் கரையில் ஏறுகிறது. அங்கே வானம் வெளுக்கும் நாளில் இங்கே வானம் கறுக்கிறது. தமிழ்நாடு ஓராண்டில் பெறும் மழையில் ஏறக்குறையப் பாதி, ஐப்பசியையும் கார்த்திகையையும் நடுவில் கொண்ட இந்த மூன்று மாதப் பருவத்தில் இறங்குவதுதான். ஒரே பகவான் ஒரே திங்களில் ஓரிடத்தில் தெளிவாகவும் ஓரிடத்தில் மேகமாகவும் காட்சி தருகிறான் என்று பெரியோர் இதைச் சொல்லி மகிழ்வதுண்டு.

ஆனால் அண்மைக் காலமாக இந்தக் கணக்குகள் பிசகத் தொடங்கிவிட்டன. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அடுத்த ஆண்டே, 2016-இல், இப்பருவத்துக்குரிய மழையில் 62 விழுக்காடு பொய்த்துப் போய் ஏரிகள் வெடித்துக் கிடந்தன. 2023-இல் கார்த்திகை கழிந்து மார்கழி பிறந்தது. திருப்பாவை தொடங்கிய அன்றே பொருநைக் கரையில் வானம் உடைந்தது. டிசம்பர் 18 காலை வரையிலான ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. நவதிருப்பதிகளில் ஒன்றாகிய ஸ்ரீவைகுண்டத்து ரயில் நிலையத்தில், வண்டியில் வந்தவர்கள் முன்னேயும் போகமுடியாமல் பின்னேயும் போகமுடியாமல் வெள்ளத்துக்கு நடுவே தவித்தார்கள். கார்த்திகைக்குப் பின் மழை இல்லை என்ற முதியோர் சொல் அன்று தோற்றது.

அதற்கு அடுத்த ஆண்டு இந்தச் சீமையின் முறை வந்தது. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு, ஃபெஞ்சல் என்று பெயரிடப்பட்ட புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த புயல் விரைந்து நகர்ந்து போவது வழக்கம். இதுவோ நகர மனமில்லாமல் நின்றது. கிழக்கே மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர்; மறுநாள் மேற்கே ஊத்தங்கரையிலும் அதே அளவு. இரண்டுக்கும் இடையில் இருப்பது அண்ணாமலையும் அதைச் சூழ்ந்த ஊர்களும். டிசம்பர் முதல் நாள் மாலையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பெயர்ந்து வீட்டின்மேல் விழ, குழந்தைகள் உட்பட ஏழு உயிர்கள் அடங்கின. மறுநாள் அதிகாலையில், 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி என்ற அளவில் தென்பெண்ணையில் நீர் திறந்துவிடப்பட்டது. ஆதிதிருவரங்கத்தையும் திருக்கோவலூரையும் தொட்டுச் செல்லும் அந்த ஆறு, கரை எது கழனி எது என்று தெரியாதபடி ஓடிற்று. அவ்வாண்டு டிசம்பர் 13-இல் மகாதீபம் ஏற்றப்பட்டது. ஆயினும் மலையேறிச் சென்று தரிசிக்க அன்பர்கள் அனுமதிக்கப்படவில்லை.

மழைத்தாரை ஓயாமல் அடித்தும் மலைகள் வருந்தவில்லை, துன்பம் தாக்கியும் கலங்காத பகவத் பக்தர்களைப் போல என்று சுகர் உவமை சொன்னார். அந்த மலையின் மண்ணே பெயர்ந்து குழந்தைகள்மேல் விழக் கண்டவர்களுக்கு அந்த உவமையைப் படிக்கும்போது நெஞ்சு அடைக்காதா? இது யாருடைய கோபம் என்று கேட்கத் தோன்றாதா?

கேட்டார்கள். சிலர் விடையும் சொல்லிவிட்டார்கள். ஊர் செய்த பாபம் என்றார்கள். அப்படிச் சொல்பவர்கள் கோவர்த்தன சரித்திரத்தைச் சற்றே நிதானமாகப் படிக்க வேண்டும். ஸ்ரீவிஷ்ணு புராணம் அச்சரித்திரத்தைச் சரத் கால வருணனையோடுதான் தொடங்குகிறது. வானம் தெளிந்து நீர் தெளிந்திருந்த நல்ல காலம். ஆயர்கள் இந்திரனுக்கு விழா எடுக்கவிருந்தார்கள். கண்ணன் அதை விலக்கி, பசுவுக்குப் புல்லும் நீரும் தரும் மலைக்கு அந்த விழாவைச் செய்யச் சொன்னான். இந்திரன் வெகுண்டான், மழை பெய்யும் காலம் கடந்த பின்பு ஏழு நாள் மழையை ஏவினான். மழையைத் தண்டனையாக எண்ணியவன் இந்திரன். கண்ணனோ குடை பிடித்தான். அந்தக் குடையின் கீழ் நின்றவர்களில் யார் புண்ணியசாலி, யார் பாவி என்று அவன் கணக்குப் பார்த்ததாக எந்தப் புராணமும் சொல்லவில்லை. கன்றும் காலியும் கிழவரும் குழந்தையும் எல்லோருக்கும் இடம் இருந்தது. மழையில் மாண்டவர்களைப் பாபிகள் என்று பேசுகிற நாக்கு இந்திரன் பக்கம் பேசுகிறது. அது வைஷ்ணவனுடைய நாக்கு ஆகாது.

இந்தக் குடைபிடித்த பெருமானே மழைக்கு ஒதுங்கி ஓர் இடுக்கில் வந்து நின்ற ஊர் இங்கிருந்து வெகு தூரத்தில் இல்லை. திருவண்ணாமலைக்குத் தெற்கே பெண்ணைக் கரையில் இருக்கும் திருக்கோவலூர்தான் அது.

பொய்கையார் கச்சித் திருவெஃகாவில் தோன்றியவர். பூதத்தார் கடல்மல்லையில் தோன்றியவர். பேயார் மயிலையில் தோன்றியவர். மூவரும் அவதரித்தது ஐப்பசித் திங்களில், திருவோணம் அவிட்டம் சதயம் என்ற அடுத்தடுத்த மூன்று நாள்களில். மூவர் ஊரும் வடகிழக்கே இருப்பவை. மழையும் வடகிழக்கேயிருந்து வருவது. ஒருவரையொருவர் அறியாமல் ஊர் ஊராகத் திரிந்த மூவரையும் ஒரு மழை இரவு திருக்கோவலூரில் கொண்டு சேர்த்தது. இருளும் காற்றும் பெருமழையும் சூழ்ந்த அவ்விரவில் ஒதுங்க இடம் தேடிய பொய்கையார், ம்ருகண்டு மகரிஷியின் ஆச்ரமம் என்று பெரியோர் சொல்லும் ஒரு வீட்டின் இடைகழியில் புகுந்து சாய்ந்தார். சற்று நேரத்தில் பூதத்தார் வந்து, இடம் உண்டோ என்றார். ஒருவர் கிடக்கலாம், இருவர் இருக்கலாம் என்று எழுந்து உட்கார்ந்தார் பொய்கையார். பின்னும் பேயார் வந்து கதவண்டை நின்றார். இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று இருவரும் எழுந்து நின்றார்கள்.

இந்தக் கதையைக் கேளாத வைஷ்ணவர் இல்லை. ஆயினும் கேட்டுக் கேட்டுப் பழகிப்போனதால் அதன் நடுவிலுள்ள அற்புதம் நம் காதில் விழாமல் போகிறது. நான்காவதாக ஒருவர் வந்து நெருக்கினார் என்ற இடத்துக்கு நாம் விரைந்து ஓடிவிடுகிறோம். அதற்கு முன் நடந்தது என்ன? முதலில் வந்தவர் தம் படுக்கையை விட்டார். பின்பு இருவரும் தம் இருக்கையை விட்டார்கள். வந்தவர் யார், எக்குலத்தவர், எவ்வூர் என்று கேட்கவில்லை. நான் முன்னே வந்தவன் என்றும் சொல்லவில்லை. மழையில் நனைந்து ஓர் ஆள் நிற்கிறார், உள்ளே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் உண்டு, அவ்வளவே. இடம் கொடுக்கக் கொடுக்க இடைகழி குறுகவில்லை; எம்பெருமானே வந்து புகும் அளவுக்கு அது பெருகிற்று. மூவரும் நெருக்கத்தால் திகைத்து நிற்க, பொய்கையார் உலகையே விளக்காக ஏற்றினார். பூதத்தார் தம் அன்பையே விளக்காக ஏற்றினார். அவ்வொளியில் பேயார் திருமகளோடு கூடிய பெருமானைக் கண்டார். கரும்பை ஆலையில் இட்டு நெருக்கிச் சாறு கொள்வதுபோல மூவரையும் நெருக்கித் தமிழாகிய சாற்றைக் கொண்டான் என்று பூர்வாசார்யர்கள் இதனை அனுபவிப்பார்கள்.

இடைகழி என்பது வாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவே உள்ள வழி. அது உள்ளும் அன்று, புறமும் அன்று. கோவலூரின் அந்த இடைகழியைத் தன் இடமாகக் கொண்டு நின்றுவிட்ட பெருமானைப் பாடும்போது பொய்கையாருக்கு உடனே நினைவு வந்தது, மலையைத் தூக்கி மழையைத் தடுத்த குணம். ஏழு நாள் மழையை ஒரு மலையால் தடுத்தவனுக்கு ஓர் இரவு மழைக்கு ஒதுங்க இடமா இல்லாமல் போயிற்று? அடியார்கள் ஒருவருக்கொருவர் இடம் விட்டு நின்ற இடத்தை விட்டு அவனுக்குப் பிரிய மனமில்லை. மழை அவனுக்கு ஒரு வியாஜம்.

இனி, ஊரின் ஏரியை நினைத்துப் பார்க்கலாம். வானத்துக்கும் கழனிக்கும் நடுவே மழைநீர் வந்து ஒதுங்கி நிற்கும் இடம் ஏரி. அதுவும் ஓர் இடைகழிதான். மேல் ஊர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக நீர் அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் அடுத்ததற்கு. ஓர் ஏரி தான் நிரம்பியதும் அடுத்ததற்கு வழிவிட்டு நிற்கும் இந்த ஒழுங்கை வட தமிழ்நாட்டில் எங்கும் காணலாம். இதை அமைத்தவர்கள் கோவலூர்க் கதையைக் கேட்டு அமைத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நல்ல மனம் எங்கும் ஒரே விதமாய்த்தான் வேலை செய்யும். குடிமராமத்து என்ற பெயரால் ஊரார் ஆண்டுதோறும் வரத்துக் காலைத் தூர்வாரிக் கரையை உயர்த்தினார்கள். சரத் காலத்து உழவர்கள் உறுதியான வரப்பிட்டு வயலில் நீரைத் தேக்கிக்கொள்வதைச் சுகர் கண்டு, ஞானம் ஒழுகிப் போகாதபடி புலன்களை அடைக்கும் யோகிகளுக்கு அவர்களை ஒப்பிட்டார். மண்வெட்டி பிடித்த கைக்குக் கிடைத்த இந்தப் பெருமையைப் பண்டிதர்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாக எடுத்துச் சொல்லலாம்.

ஏரியைக் காத்த ராமனை அறியாதவர் உண்டோ? மதுராந்தகத்தில் 1798-ஆம் ஆண்டு பெருமழையில் ஏரி உடையும் நிலைக்கு வந்தது. அங்கே கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரை, ஏரி நிலைத்தால் ஜனகவல்லித் தாயார் சந்நிதித் திருப்பணியைச் செய்து தருவதாக வேண்டிக்கொண்டார் என்றும், இரவு மழையில் கரையைப் பார்க்கப் போனவர் வில்லேந்திய இரு இளைஞர்கள் காவல் நிற்கக் கண்டார் என்றும் தல வரலாறு கூறும். தாயார் சந்நிதியில் அவர் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. ஆனால் அன்பர்கள் மறந்துவிடும் ஒரு செய்தி உண்டு. அந்தத் துரை அந்த ஜில்லாவின் ஏரிகளைச் செப்பனிடுவதில் பெரும் அக்கறை கொண்டிருந்தவர். கரையை நாள்தோறும் பார்த்தவர் கண்ணுக்குத்தான் கரையில் நின்ற ராமன் தெரிந்தான்.

இப்போது பல ஊர்களில் வரத்துக் கால்கள் வீட்டு மனைகளாயின. ஏரியின் வாய்க்குள்ளேயே கட்டடங்கள் எழும்பின. மழை வந்து, இடம் உண்டோ என்று கேட்கிறது. இல்லை, நாங்கள் படுத்திருக்கிறோம் என்கிறோம். நீருக்குக் காத்திருக்கத் தெரியாது. மலைச்சரிவில் குடியிருக்க நேர்ந்த ஏழைகளைப் பற்றிப் பேசும்போதும் இதை மறக்கக் கூடாது. தாழ்ந்த நல்ல இடங்களில் அவர்களுக்கு நாம் இடம் விட்டிருந்தால் அவர்கள் ஏன் சரிவில் ஏறினார்கள்?

ஏரிகளோடு இது முடிவதில்லை. காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அது சுமக்கும் நீராவி ஏறக்குறைய ஏழு விழுக்காடு கூடும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையால் உலகம் சூடேறி வருகிறது. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முந்திய காலத்தோடு ஒப்பிட, 2024-ஆம் ஆண்டில் உலகின் சராசரி வெப்பம் ஒன்றரைப் பாகைக்கு மேல் இருந்தது. சூடேறிய கடல்மேல் மேகம் அதிகம் குடிக்கிறது. அதிகம் குடித்தது ஒரே இடத்தில் கொட்டுகிறது. ஒவ்வொரு புயலையும் இதன்மேல் ஏற்றிச் சொல்வது பிழை. புயல் என்றும் உண்டு. ஆனால் பெய்தால் பேய்மழை, பொய்த்தால் முழுப் பொய் என்ற இந்தப் போக்கு அந்தச் சூட்டோடு சேர்ந்து வருவது. நிலம், நீர், காற்று இவையெல்லாம் எவனுக்குச் சரீரமோ அவனே அந்தர்யாமி என்று பிருஹதாரண்யகம் ஓதுகிறது. அதையே நம் உடையவர் சித்தாந்தத்தின் உயிர்நிலையாக வைத்தார். காலையில் திருமஞ்சனம் கண்டு கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நாம், அதே திருமேனியின் மற்றோர் அங்கத்தில் கரியைப் பூசுகிறோம் என்று நினைப்பதில்லை. ஏற்றத்தாழ்வும் இதில் உண்டு. உலகின் புகையில் பெரும்பங்கு தொலைதூரத்துச் செல்வ நாடுகளுடையது. உடைந்த கரையோ பெண்ணைக் கரை.

ஆண்டாள் மழைக்கு என்ன கேட்டாள் என்பதை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். திருப்பாவையின் மூன்றாம் பாசுரத்தில் மாதம் மூன்று மழை கேட்டாள். ஒன்பது நாள் வெயில், ஒரு நாள் மழை என்று உரைகாரர்கள் அதற்கு அளவு சொல்வார்கள். பயிர் வேரழுகாமலும் வாடாமலும் இருக்கும் உழவன் கணக்கு அது. மழை அதிகமாயிருந்தால் நல்லது என்று பேராசைப்பட்ட கணக்கன்று. நான்காம் பாசுரத்தில் மழைத் தேவனையே கூப்பிட்டு ஆணையிடுகிறாள். கடலுள் புகு, முகந்துகொண்டு மேலேறு, எம்பெருமான் நிறம் கொள், அவன் சக்கரம் போல் மின்னு, சங்கம் போல் முழங்கு, அவன் வில் விடும் அம்பு போல் வா என்கிறாள். அம்பு என்று சொன்னபின் அவளுக்கே அச்சம் பிறந்தது போலும். அம்பு கொல்லுமே! ஆகவே உலகத்தார் பிழைத்து வாழும்படியாக என்று ஒரு வரம்பையும் சேர்த்துவிட்டாள். நனைந்து குளிப்பதற்குத் தன் தோழியர்க்கும் ஒரு பங்கு கேட்டாளே ஒழிய, தனக்கென்று ஒரு துளியும் தனியே கேட்கவில்லை.

இவ்விழாவுக்கு வந்த அன்பர்கள் ஊர் திரும்பும் வழியில், செஞ்சிச் சாலையில் போகிறவர்கள் சிங்கவரத்துக் குன்றில் பள்ளிகொண்ட அரங்கனைச் சேவிக்கலாம்; தெற்கே போகிறவர்கள் கோவலூரில் இறங்கி, ஓங்கி உலகளந்த பெருமானைச் சேவித்து, இடைகழியை நினைந்து நிற்கலாம். வழியெங்கும் ஏரிகள் வரும். திருக்கார்த்திகை இரவில் சிறுவர்கள் மாவளி சுற்றும் தீப்பொறி நீரில் தெரியும். கலங்கல்மேல் நீர் மெல்லிய ஓசையோடு வழிந்து அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருக்கும். கரையில் நீர்க்கட்டியின் விளக்கு ஒன்று குனிந்து குனிந்து நகரும். அவன் இன்னும் நண்டு வளை தேடுகிறான்.